ஊசிக்கு அடங்காத மலைக் காய்ச்சல்: எதிர்ப்பு கிருமியிலா, மருந்துத் தேர்விலா?

கோத்தகிரிக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த கேள்வி இது. கேட்பவரின் அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கொழுந்து பறிக்கும் வேலை. ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு அவருக்குக் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்தன. பக்கத்தில் காட்டி ஐந்து நாள் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. அதைவிடப் ‘பவர்’ கூடிய ஊசிக்கு மாற்றினார்கள். ஒன்பதாம் நாள், பெற்ற மகனையே யார் என்று கேட்டுப் பிதற்றத் தொடங்கினார். கோவைக்குக் கொண்டுபோனபோது ‘ஸ்க்ரப் டைஃபஸ், மூளையைத் தொட்டுவிட்டது’ என்று சொல்லி, விலை மலிந்த டாக்சிசைக்ளின் மருந்தைக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. மகன் கேட்பவை மூன்று. பெரிய ஊசிகளுக்கே அடங்காத அந்தக் கிருமி, மருந்துகளை எதிர்த்து நிற்கப் பழகிவிட்ட கிருமியா? இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று புதிய ஆராய்ச்சி சொல்வதாகக் கேள்விப்பட்டேன், அம்மாவுக்கு அப்படிக் கொடுக்காதது குறையா? இப்போதும் அவருக்கு மறதி இருக்கிறதே, அது நிலைத்துவிடுமா?

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். அது பழகிப் பலம் பெற்ற கிருமி அல்ல. அந்த ஊசிகள் எவ்வளவு விலை உயர்ந்தவையாக இருந்தாலும், அவை அந்தக் கிருமியைத் தொடக்கூடிய மருந்துகளே அல்ல. ‘அடங்கவில்லை’ என்பதும் ‘எதிர்க்கிறது’ என்பதும் மருத்துவத்தில் வேறு வேறு செய்திகள். இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் மலைப்பகுதிகளில் நோயாளிகள் பல நாட்களை இழக்கிறார்கள். அதைவிடப் பெரிய கேடு ஒன்றும் அதனால் விளைகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தமிழ்ச் செய்தித்தாள்கள் இதை உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. ஆனால் மாட்டிலும் நாயிலும் நாம் பார்க்கும் உண்ணி வேறு. இதைப் பரப்புவது அதற்குத் தூரத்து உறவான, மிகச் சிறிய சிற்றுண்ணியின் குஞ்சு. கால் மில்லிமீட்டர் அளவே இருக்கும், கண்ணுக்குப் புலப்படாது, கடித்தாலும் உறைக்காது. அட்டை கடித்தால் இரத்தம் வழிந்தாவது தெரியும். இது கடித்ததை யாரும் அறிவதில்லை. எலி, பெருச்சாளி, மூஞ்சூறு ஆகியவை நடமாடும் புதரும் புல்லும்தான் இதன் இருப்பிடம். ‘ஸ்க்ரப்’ என்ற சொல்லுக்கே புதர் என்றுதான் பொருள். நீலகிரியில் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் விளிம்பு, கவாத்துச் செய்யாமல் விட்ட தேயிலைக் காடு, லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு, பின்னால் விறகு அடுக்கிய இடம் எல்லாமே இதற்குத் தோதானவை. அந்த விளிம்புகளில் மண்டிக் கிடக்கும் செடிக்கு நம் ஊரில் உண்ணிச்செடி என்று பெயர் வழங்குவது தற்செயலாக இருக்கலாம், ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ள உதவும்.

அந்தக் கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. அதன் குணத்தைப் புரிந்துகொண்டால் உங்கள் அம்மாவுக்கு நடந்தவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கிவிடும். இது வெளியில், இரத்தத்தில் மிதந்து பெருகும் பாக்டீரியா அல்ல. உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வாழக்கூடியது. கடிவாயில் உள்ள செல்களில் முதலில் பெருகி, பின்பு உடலெங்கும் பரவி, இரத்தக்குழாய்களின் உட்புறத்தை வழவழப்பாக மூடியிருக்கும் உட்சுவர்ச் செல்களுக்குள் குடியேறுகிறது. தன்னை விழுங்கிய செல், செரிப்பதற்காகக் கட்டிய பையைக் கிழித்துக்கொண்டு வெளியேறி, செல்லின் உள்ளே இருக்கும் நுண்குழல் பாதைகளைப் பிடித்து உட்கருவின் அருகே போய்ச் சேர்ந்து அங்கே பெருகுகிறது. அதன் பிறகு செல்லின் மேலுறையையே போர்த்திக்கொண்டு வெளியே வருகிறது.

உட்சுவர்ச் செல் வெறும் பூச்சு அன்று. எது குழாயை விட்டுக் கசியலாம், எது கசியக்கூடாது, இரத்தம் எங்கே உறையலாம், வெள்ளணுக்கள் எங்கே நிற்கலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதுதான். கிருமி உள்ளே புகுந்ததும் அந்தச் செல்கள் தம் மேற்பரப்பில் ஒட்டும் புரதங்களை நீட்டுகின்றன. வெள்ளணுக்கள் அவற்றில் ஒட்டி, குழாயைச் சுற்றி உறை போலத் திரள்கின்றன. செல்களுக்கு இடையிலான இணைப்புகள் தளர்ந்து நீர் கசிகிறது. பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள் செலவாகிக் குறைகின்றன. இதைத்தான் இரத்தக்குழாய் அழற்சி என்கிறோம். கசிவு நுரையீரலில் நடந்தால் மூச்சுத்திணறல், உடல் முழுவதும் நடந்தால் இரத்த அழுத்தச் சரிவு, சிறுநீரகத்தில் நடந்தால் சிறுநீர் குறைவு. பரிசோதனைச் சீட்டில் தட்டணுக் குறைவைப் பார்த்து டெங்கு என்று முடிவு கட்டிவிடுவது இந்த நோயில் அடிக்கடி நேரும் பிழை. ஒரே நோய் இத்தனை வேடம் போடுவதற்குக் காரணம் இதுதான்: இரத்தக்குழாய் இல்லாத உறுப்பு உடலில் ஏறத்தாழ இல்லை.

மூளையும் அதற்கு விலக்கல்ல. மற்ற உறுப்புகளைவிட மூளையின் நுண்குழாய்களில் உட்சுவர் இறுக்கமாக நெய்யப்பட்டிருக்கிறது. அந்த இறுக்கமே மூளைக்குக் காவல். காவலாளியையே கிருமி தொற்றிக்கொள்ளும்போது காவல் குலைகிறது. மூளைச்சவ்விலும் மூளைத்திசுவிலும் குழாய்களைச் சுற்றி அழற்சி அணுக்கள் குவிகின்றன. தலைவலி, வாந்தி, பிதற்றல், சிலருக்கு வலிப்பு, சிலருக்குக் காது மந்தம் என்று அது வெளிப்படுகிறது. முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீரில் வெள்ளணுக்களில் ஒரு வகையான நிணநீர் அணுக்கள் ஓரளவு கூடியிருக்கும், புரதம் சற்று ஏறியிருக்கும். காசநோய் மூளைச்சவ்வு அழற்சியிலும் ஏறக்குறைய இப்படியே இருக்கும் என்பதால் தேர்ந்த மருத்துவர்களும் தடுமாறுகிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் குழந்தைகளைக் கொண்டுபோன மூளைக்காய்ச்சல் நெடுநாள் புதிராக இருந்தது. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பங்கேற்று, 2016இல் வெளியான ஆய்வில், பரிசோதித்த நோயாளிகளில் ஐந்தில் மூவருக்கும் மேல் ஸ்க்ரப் டைஃபஸ் தொற்றின் அடையாளம் இருந்தது. பல்லாண்டுகளாக வைரஸ் வைரஸ் என்று தேடிக்கொண்டிருந்த இடத்தில், மலிவான ஒரு மருந்துக்கு அடங்கும் பாக்டீரியா இருந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சியில் அண்மைக் காலத்தில் இதைவிட முக்கியமான திருத்தம் சிலவே என்பது என் கருத்து.

இனி, ஊசிகள் ஏன் தோற்றன என்பதைப் பார்க்கலாம். செஃப்ட்ரியாக்சோன், மெரோபெனம் போன்ற ஊசிகள் பென்சிலின் வழிவந்தவை. பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் உறுதியான சுவரைக் கட்டவிடாமல் தடுப்பதே அவற்றின் வேலை. ஓரியன்ஷியாவுக்கு அந்தச் சுவர் பெயரளவுக்கே உண்டு. செல்லுக்குள் பத்திரமாக இருப்பதால் அதற்குச் சுவர் தேவையும் இல்லை. சுவரில்லாத வீட்டுக்கு எதிராகச் சுவரிடிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து, அது பத்தவில்லை என்று இன்னும் பெரிய இயந்திரத்தை வரவழைத்தது போலத்தான் நடந்திருக்கிறது. ஜென்டாமைசின் போன்ற ஊசிகளும் செல்லுக்குள் போதிய அளவு நுழைவதில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் நுழையும், ஆனால் அது பற்றவேண்டிய நொதியில் இந்தக் கிருமிக்குப் பிறவியிலேயே ஒரு மாற்றம் இருக்கிறது. இதை எதிர்ப்பு என்று சொல்லலாம்தான், ஆனால் மருந்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் பிறந்த எதிர்ப்பு அல்ல, கிருமியோடு கூடவே பிறந்தது. டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் செல்லுக்குள் புகுந்து, கிருமி புரதம் செய்யும் பட்டறையையே நிறுத்துகின்றன. புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்துகளில் முதலாவதாக இந்த நோய்க்குக் கைகொடுத்தது குளோராம்பெனிக்கால். 1948இல் ஜோசப் ஸ்மாடெல் குழுவினர் மலாயாவில் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன் இந்த நோயை உறுதியாகக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இருக்கவில்லை.

சரியான நேரத்தில் இதை ஏன் கண்டுபிடிக்கவில்லை என்ற கோபம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் மலையில் ஒரு சிறிய மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, காய்ச்சலும் மஞ்சள் காமாலையுமாகச் சேர்ந்த ஒரு தோட்டத் தொழிலாளிக்கு நானும் நான்கு நாள் இதே ஊசிகளைத்தான் போட்டேன். ஐந்தாம் நாள் உடை மாற்றிவிட்ட செவிலிய அம்மா என்னைத் தனியே அழைத்து, மார்பின் அடிமடிப்பில் பீடியால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கிறது என்றார். அதுதான் கடிவாய்ப் புண். வலிக்காது, அரிக்காது, ஆகையால் நோயாளியும் சொல்லமாட்டார். அக்குள், இடுப்புக் கயிறு இறுக்கும் இடம், தொடை இடுக்கு, மார்பின் கீழ் என மறைவான இடங்களையே அது தேடிக்கொள்ளும். ஆண் மருத்துவர் அங்கெல்லாம் பார்க்கக் கூசுவார். எல்லோருக்கும் அது இருப்பதும் இல்லை, கறுப்பு நிறத் தோலில் எளிதில் தெரிவதும் இல்லை. ஆனால் இருந்து, பார்த்தும்விட்டால், மலைக் காய்ச்சல்களில் அதைவிட உறுதியான சான்று வேறு கிடையாது. அன்றிலிருந்து என் வார்டில், காரணம் தெரியாத காய்ச்சல் நோயாளி ஒவ்வொருவரையும் ஒரு பெண் செவிலியர் தலைமுதல் கால்வரை பார்த்த பிறகே நான் மருந்துச் சீட்டு எழுதினேன்.

பரிசோதனைகளைப் பற்றிச் சுருக்கமாக: இரத்தத்தை வளர்ப்பூடகத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கிருமி வளராது. பழைய வெய்ல்-ஃபெலிக்ஸ் சோதனை பல நோயாளிகளைத் தவறவிடும். கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தை இரத்தத்தில் தேடும் ஐஜிஎம் எலைசா நல்லது, ஆனால் காய்ச்சலின் முதல் ஐந்தாறு நாட்களில் அதுவும் ‘இல்லை’ என்று காட்டக்கூடும். ஆகவே ஐந்து நாள் தாண்டிய காய்ச்சல், புதர்ப்பக்க வேலை, தட்டணுக் குறைவு, ஈரல் நொதி உயர்வு ஆகியவை சேர்ந்திருந்தால் முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளினைத் தொடங்கிவிடுவதே முறை.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேள்விப்பட்ட ஆராய்ச்சி உண்மையானது, அது நம் மாநிலத்திலிருந்தே புறப்பட்டது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில், ஏதேனும் ஓர் உறுப்பாவது பாதிக்கப்பட்ட கடும் ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளிகள் சுமார் 800 பேரிடம் அது நடத்தப்பட்டு, 2023இல் வெளியானது. சீட்டுக் குலுக்குவது போல அவர்களை மூன்று பிரிவாக்கி, ஏழு நாட்களுக்கு ஒரு பிரிவுக்கு டாக்சிசைக்ளின், ஒரு பிரிவுக்கு அசித்ரோமைசின், ஒரு பிரிவுக்கு இரண்டும் என நரம்பு வழியே கொடுத்தார்கள். 28 நாட்களுக்குள் இறப்பு, ஏழாம் நாளிலும் தொடரும் உறுப்புச் சிக்கல், ஐந்தாம் நாளிலும் தொடரும் காய்ச்சல் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தால் அதைத் தோல்வி என்று வைத்தார்கள். தனி மருந்துப் பிரிவுகளில் தோல்வி 47, 48 விழுக்காடு. சேர்த்துக் கொடுத்த பிரிவில் 33 விழுக்காடு. இரண்டு மருந்துகளும் அதே புரதப் பட்டறையின் இரு வேறு பாகங்களைப் பிடிப்பதால் உற்பத்தி முழுமையாக நின்றுவிடுகிறது என்பது ஏற்கத்தக்க விளக்கம்.

ஆனால் இந்த எண்களை வாசிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேறுபாடு வந்தது பெரும்பாலும் சிக்கல்கள் விரைவாகத் தீர்ந்ததில்தான். இறப்பு விகிதத்தில் மூன்று பிரிவுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கடும் நோயாளிக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது இன்று நியாயமான தேர்வு. நான் அந்த இடத்தில் இருந்தால் உங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான் கொடுத்திருப்பேன். ஆயினும் ஒரு மருந்திலேயே மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டு, நினைவும் திரும்பத் தொடங்கிய ஒருவருக்குக் குறை வைத்துவிட்டார்கள் என்று சொல்ல அந்த ஆய்வில் இடமில்லை. அவருக்கு நேர்ந்த இழப்பு, டாக்சிசைக்ளின் தொடங்குவதற்கு முந்தைய ஒன்பது நாட்களில் நேர்ந்தது.

டாக்சிசைக்ளினுக்கே இந்தக் கிருமி எதிர்ப்புப் பெற்றுவிட்டது என்ற பேச்சும் உண்டு; அதன் வேர் தாய்லாந்தில் இருக்கிறது. வட தாய்லாந்தின் சியாங் ராய் பகுதியில் சில நோயாளிகளுக்கு வழக்கத்தைவிடத் தாமதமாகவே காய்ச்சல் இறங்கியது என்று 1996இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அது உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டுப் பாடநூல் வரை போயிற்று. பின்னாளில் அந்தத் தரவுகளை மறுபடி அலசியவர்கள், காய்ச்சல் இறங்க எடுத்துக்கொண்ட நேரம் நோயின் கடுமையைப் பொறுத்ததே தவிர, கிருமியின் எதிர்ப்பைக் காட்டவில்லை என்று வாதிட்டார்கள். எனக்கு அவர்கள் பக்கமே நியாயம் தெரிகிறது. அதற்கு ஆய்வகத்தைவிடச் சிற்றுண்ணியின் வாழ்க்கையே நல்ல சாட்சி.

அந்தச் சிற்றுண்ணி தன் ஆயுளில் குஞ்சுப் பருவத்தில் ஒரே ஒருமுறைதான் விலங்கையோ மனிதரையோ கடித்து உண்கிறது. வளர்ந்த பிறகு மண்ணில் பூச்சி முட்டைகளைத் தின்று வாழ்கிறது. கிருமி அதற்குத் தாயிடமிருந்து முட்டை வழியாக வருகிறது. ஒருவரைக் கடித்த குஞ்சு இன்னொருவரைக் கடிக்காது. நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. ஆக, மருந்து உண்ட நோயாளி ஒருவரின் உடலில் எதிர்ப்புள்ள கிருமி ஒன்று தோன்றியே விட்டாலும், அது வெளியேறிப் பரவ வழி இல்லை. அந்த உடலே அதற்கு முட்டுச்சந்து. காசநோயிலும் மலேரியாவிலும் எதிர்ப்பு பரவுவது போல இங்கே பரவாது. பூச்சியின் வாழ்க்கையை அறியாமல் நோயை அறிய முடியாது என்பதை இந்த மலையும் கண்டிருக்கிறது: ரொனால்டு ராஸ் 1897இல் ஊட்டிக்கு வந்து, சீகூர் மலைப்பாதையில் மலேரியாவுக்குக் காரணமான கொசுவைத் தேடி, அங்கேயே மலேரியா பிடித்துப் படுத்தார், அதே ஆண்டு ஆகஸ்டில்தான் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் விடை கிடைத்தது.

முன்பு சொல்வதாகச் சொன்ன கேடு இதுதான். ஒன்பது நாள் பெரிய ஊசிகள் போட்டபோது, ஓரியன்ஷியாவுக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் உங்கள் அம்மாவின் குடலில் வாழும் கோடிக்கணக்கான வேறு பாக்டீரியாக்களுக்கு நிறைய ஆயிற்று. மருந்துக்கு மடிபவை மடிந்து, அதைச் சிதைக்கும் நொதியை வைத்திருப்பவை பெருகின. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற அவைதான் பிறகு சிறுநீர்த் தொற்றாகவும், மருத்துவமனையில் குழாய் செருகிய இடத்தின் தொற்றாகவும் வருபவை. எதிர்ப்பைத் தரும் மரபணுத் துண்டைத் தமக்குள் கைமாற்றிக்கொள்பவை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவருக்குப் பரவுபவை. மெரோபெனம் வகை மருந்துகளையே உடைக்கும் என்டிஎம்-1 நொதியைப் பற்றி 2010இல் வெளியான முக்கியமான கட்டுரையில் சென்னையில் கிடைத்த கிருமிகளும் இருந்தன. எதிர்ப்பு இல்லாத ஒரு கிருமியை எதிர்ப்புள்ளது என்று எண்ணி ஊசியின் ‘பவரை’ ஏற்றிக்கொண்டே போவது, உண்மையான எதிர்ப்பை வேறொரு கிருமியில் உண்டாக்குகிறது. ஆகவே அடுத்த ஆறு மாதத்துக்குள் அம்மாவுக்குச் சிறுநீர் எரிச்சலோ காய்ச்சலோ வந்தால், இந்த ஊசிகள் போட்ட விவரத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லி, சிறுநீரை வளர்ப்புச் சோதனைக்குக் கொடுத்த பிறகு மருந்தைத் தொடங்கச் சொல்லுங்கள்.

மறதியைப் பற்றி: இந்த நோயில் மூளை பாதிக்கப்பட்டவர்களில், சரியான மருந்து கிடைத்துப் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே தேறுகிறார்கள். காரணம், கிருமியின் முதன்மையான இலக்கு நரம்புச் செல் அல்ல, அதைச் சுற்றிய குழாய். அழற்சி அடங்கிக் கசிவு நின்றால் செல்கள் பெரும்பாலும் மீள்கின்றன. சில வாரங்கள் களைப்பு, கவனக்குறைவு, பெயர்கள் நாக்கில் தங்காமை, தூக்கக் குலைவு ஆகியவை இருக்கலாம். நாளுக்கு நாள் இவை குறைந்துவந்தால் கவலை வேண்டாம். மாறாகக் கூடினாலோ, வலிப்பு வந்தாலோ, ஒரு கை அல்லது காலில் பலம் குறைந்தாலோ நரம்பியல் மருத்துவரிடம் காட்டித் தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அதற்கும் முன்பு காதைச் சோதித்துவிடுங்கள். ஸ்க்ரப் டைஃபஸ் காது நரம்பைத் தாக்குவது அறியப்பட்ட ஒன்று. கேட்காததால் பதில் சொல்லாத அம்மாவை மறந்துபோன அம்மா என்று வீட்டார் எண்ணிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்று நம்பிவிட வேண்டாம். இந்தக் கிருமியில் பல வகைகள் உண்டு. ஒன்றுக்கு உண்டாகும் எதிர்ப்புச் சக்தி மற்றொன்றுக்கு முழுமையாக உதவாது, நெடுநாள் நிற்பதும் இல்லை. தடுப்பூசி இன்னும் வரவில்லை. அம்மா வேலைக்குத் திரும்பும்போது முழுக்கை மேல்சட்டையும் கணுக்காலை மூடும் காலணியும் போட்டுக்கொள்ளட்டும். புல்லின் மேல் உட்கார வேண்டியிருந்தால் சாக்கு விரித்துக்கொள்ளட்டும். வேலை முடிந்து வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, துணியை வெந்நீரில் அலசிவிடட்டும். குஞ்சு கடித்த பின்பும் பல மணி நேரம் தோலில் தங்கி உண்பதால், அன்றைக்கே குளிப்பதில் பலன் உண்டு. ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்து, லயத்தில் யாராக இருந்தாலும் மருத்துவரிடம் போனால், தேயிலைக் காட்டில் வேலை என்பதையும் உடலில் எங்காவது கறுத்த பொருக்கு இருக்கிறதா என்பதையும் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடச் சொல்லுங்கள். கர்ப்பிணியாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அவர்களுக்கு டாக்சிசைக்ளினுக்குப் பதில் அசித்ரோமைசின் கொடுப்பார்கள்.